சத்தம் கேட்குது, சொல் விளங்கேல்லை: யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 57 வயது. சுன்னாகத்தில் முப்பது வருடமாக மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில் நடத்துகிறேன். ஒரு வருடமாக ஆட்கள் கதைப்பது கேட்கிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்பது விளங்குவதில்லை. ரீவிச் சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று மனைவி ஏசுகிறா. அமெரிக்காவில் இருக்கும் பேத்தி வீடியோவில் கதைத்தால் ஒரு சொல்லும் பிடிபடாது. இரவில் இரண்டு காதிலும் சில்வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். 90களில் பக்கத்து வளவுக்குள் ஷெல் விழுந்து இரண்டு மூன்று நாள் காது அடைத்துக் கிடந்தது, பிறகு சரியாகிவிட்டது. இது வைத்தியரிடம் போகிற அளவுக்கு விஷயமா? மகன் அங்கிருந்து ஒரு ஹியரிங் எயிட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அதைப் போட்டால் காணுமா?

பதில்: போக வேண்டிய விஷயம்தான், ஐயா. மகனுடைய பார்சல் வருவதற்கு முதல் போங்கள்.

இந்தக் கதையோடு என்னிடம் வரும் ஆண்களில் பலரை மனைவிதான் கூட்டிவருவா. வந்தவர் கதிரையில் இருந்ததும், "எனக்குக் காது நல்லாக் கேட்கும் டொக்டர், இவைதான் வாய்க்குள்ள கதைக்கினம்" என்று தொடங்குவார். அவர் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில் கனமாக வரும். பேச்சின் சத்தம் பெரும்பாலும் அவைதான். க, ச, ட, த, ப போன்ற வல்லின மெய்கள் பெயருக்குத்தான் வல்லினம்; காதுக்கு அவை மெல்லியவை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய உயர்ந்த சுருதி வேண்டும். வயதும் இரைச்சலும் முதலில் தின்பது அந்த உயர்ந்த சுருதியைத்தான். நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் உட்காதில், வாசல் பக்கத்தில் சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள்தான் அதற்குரியவை. அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

ஆக, உங்கள் காதுக்கு உயிர் வந்து சேர்கிறது, மெய் வழியில் விழுந்துவிடுகிறது. கடை, சடை, தடை, படை நான்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்லாகிவிடும். விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்பும். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்தால் ஊகம் சரிவரும். சின்னப் பிள்ளையின் கீச்சுக் குரலில், படமும் விட்டு விட்டு வந்தால், பிழைத்துவிடும். மனைவி குசினியிலிருந்து கத்தினாலும் பயனில்லாததற்குக் காரணம் இதுவே. கத்தும்போது கனப்பது உயிர், மெய் அந்த அளவுக்குக் கூடாது. கிட்ட வந்து, முகம் தெரிய, கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்கச் சொல்லுங்கள். ரீவியை நிற்பாட்டிவிட்டுக் கதைப்பது அதைவிட நல்லது.

மில்லைப் பற்றி ஒன்று. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் 85 டெசிபலுக்கு (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) கிட்ட என்று வைத்துக்கொள்ளலாம். 85 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான கணக்கு ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2. முப்பது வருடத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஷெல் விழுந்து இரண்டு மூன்று நாளில் நீங்கியது அடைப்பு மட்டும். உள்ளே நடந்த சேதம் முழுக்க மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. செவிப்பறையில் பழைய தழும்பும் இருக்கலாம். எங்கள் வயதுக்காரர் பலர் வைத்தியரிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அது எல்லாருக்கும் நடந்ததுதானே என்று நினைக்கிறார்கள் போலும். நீங்கள் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி, யாரிடம் போவது. முதலில் உங்கள் குடும்ப வைத்தியர், அல்லது கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. உங்களுக்குத் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை பக்கம். அங்கே காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பார்கள். காதுக் குடுமியோ குறும்பியோ, எப்படிச் சொன்னாலும், அது இறுகி அடைத்திருந்தால் எடுத்துவிட்டாலே சிலருக்குக் கேட்டுவிடும். அதை நீங்களே எடுக்க வேண்டாம். கொட்டன் பட்ஸ் அதை இன்னும் உள்ளே தள்ளும். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவது எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போய்விடும். குடுமி இல்லை, அல்லது எடுத்தும் வித்தியாசமில்லை என்றால், கடிதம் வாங்கிக்கொண்டு யாழ். போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. காத்திருக்கப் பொறுமை வேண்டும். தனியாரில் நிபுணரைச் சனல் பண்ணியும் காட்டலாம். ஹியரிங் எயிட் விற்கும் கடைக்கு முதலில் போவதைத்தான் நான் விரும்புவதில்லை. விற்பவருக்குக் கருவி தெரியும், காதின் நோயைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை இல்லை.

போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மருந்துகளையும் கொண்டுபோங்கள். நீரிழிவு இருக்கிறதா, கசநோய்க்கு ஊசி போட்டீர்களா, ஜென்டாமைசின் என்கிற அன்ரிபயோட்டிக் ஏற்றினார்களா, புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றினார்களா என்பதெல்லாம் காதோடு சம்பந்தப்பட்டவை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எதைக் கேட்கவில்லை என்பது உங்களைவிட அவவுக்குத்தான் தெரியும்.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரத்திலிருந்து மில்லுக்குள் போக வேண்டாம். இதை யாரும் சொல்லிவிடுவதில்லை. இரைச்சலுக்குள் நின்ற காது சில மணித்தியாலத்துக்கு மந்தமாக இருக்கும். அப்படியே வந்து இருந்தால் உள்ளதைவிட மோசமான முடிவு வரும். 14 மணித்தியாலமாவது அமைதியில் இருந்துவிட்டு வாருங்கள்.

சோதனையில் வலி ஒன்றும் இல்லை. சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி, தாழ்ந்த சுருதியான 250 ஹேர்ட்ஸிலிருந்து உயர்ந்த சுருதியான 8000 வரை மெல்லிய ஒலிகளை விடுவார்கள். கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். பிறகு காதுக்குப் பின் எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் திரும்பவும் பார்ப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகவும் காற்று வழியாகக் குறைவாகவும் கேட்டால் பழுது வெளிக்காதில் அல்லது நடுக்காதில். அவற்றில் பல வைத்தியத்தால் அல்லது சத்திரசிகிச்சையால் திருந்தும். இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் பெரும்பாலும் உட்காது. உங்களுக்கு அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்; இரைச்சலால் பழுதான காதென்றால், சோதனை முடிவைக் கோடாக வரைந்து தரும் படத்தில் 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குழி விழும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் 20 டெசிபலுக்குள் கேட்டால் சாதாரணம், 20 முதல் 35 வரை இலேசான குறைவு. அந்த இலேசிலேயே சந்தைச் சத்தத்துக்குள் கதை விளங்காமல் போகும். படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். இப்போது கருவி வேண்டாம் என்று சொன்னாலும், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

மகன் சொல்வது பிழையில்லை. அமெரிக்காவில் 2022 ஒக்டோபரிலிருந்து, இலேசான அல்லது நடுத்தரக் குறைவு உள்ள பெரியவர்கள் வைத்தியர் துண்டு இல்லாமல் கடையில் கருவி வாங்கலாம். ஆனால் உங்களுக்குத் தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்கிறது, உயர்ந்த சுருதிதான் குறைவு. எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டுகிற கருவியைப் போட்டால் மில்லும் மோட்டார் சைக்கிளும் இன்னும் இரையும், சொல் விளங்காது. ஒரு கிழமையில் அது அலுமாரிக்குள் போய்விடும். படத்தைப் பார்த்து அதற்கேற்பப் பொருத்த வேண்டும், பிறகு இரண்டு மூன்று தரம் திருத்தவும் வேண்டும். வியர்வையும் மாத்தூசியும் படுகிற வேலை உங்களுடையது. பழுதானால் யாழ்ப்பாணத்தில் யார் பார்ப்பார்கள் என்று மகனிடம் கேளுங்கள். காசை அவர் அனுப்பட்டும், கருவியை இங்கே, திருத்துகிற ஆள் இருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

வெட்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்கிற மொழி எங்களுடையது. கண்ணாடி போட்டவரை யாரும் அப்படிப் பழமொழி சொல்லிச் சிரிப்பதில்லை.

உங்களுக்கு இப்போது அவசரம் இல்லை. ஆனால் ஒரு காது ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள், திடீரென்று அடைத்த மாதிரிக் கேட்காமல் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு ஸ்டீரோயிட் மருந்து உண்டு. இரண்டு கிழமைக்குள், அதுவும் எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. தடிமன் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்து, ஒரு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்தால் மனம் நோகும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைச்சுற்று, காதால் சீழ் வடிதல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு காது மற்றதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்லக்கூடும்; காது நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான், பயப்பட வேண்டாம்.

மில்லுக்குக் காதை முழுக்க மூடும் காதுறை ஒன்று வாங்குங்கள். காதுக்குள் பஞ்சு அடைப்பது போதாது. உங்களோடு வேலைக்கு நிற்கிற பெடியனுக்கும் ஒன்று.