வேல்யூவர் ஏன் கம்மியா போட்டாரு?

கேள்வி: தாம்பரத்துல தனி வீடு 75 லட்சத்துக்கு பேசி முடிச்சோம், லோனுக்காக வீட்டுக்கு மதிப்பு போட வந்த பேங்க் வேல்யூவர் 62 லட்சம்னு எழுதிட்டாரு. ஃபீஸ் நாங்கதானே குடுத்தோம், கூட்டி எழுதச் சொல்லலாமா?

பதில்: ஃபீஸ் உங்களுதுன்னாலும் ரிப்போர்ட் பேங்க்குக்குத்தான், நாளைக்கு லோன் வாராக்கடனாப் போனா வீட்ட என்ன விலைக்கு விக்க முடியும்னுதான் அவரு பாக்கணும், அதனால கூட்டி எழுதச் சொல்லாதீங்க, மாட்டுனா அவரு பொழப்பே போயிடும். 30லேர்ந்து 75 லட்சம் வரைக்குமான வீட்டு லோனுக்கு ஆர்பிஐ ரூல்படி மதிப்புல 80 சதவீதம்தான் உச்சம், ஆக 62 லட்சத்துக்கு உங்களுக்கு 49.6 லட்சம். ஆமா, வீட்டுல மாடி இருந்தா அது அப்ரூவ்டு பிளான்ல இருக்கா? பிளான்ல இல்லாத மாடிய பெரும்பாலும் கணக்குல சேக்க மாட்டாங்க, மதிப்பு கம்மியானதுக்கு எனக்கு அதுலதான் டவுட்டு. ரிப்போர்ட்ல அளவு தப்பா இருந்தா மட்டும் பத்திரத்தோட போய் மறுமதிப்பீடு கேளுங்க.