மெஷின் இல்லாமல் போனிலேயே ஃபேக்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரியில் எஸ்டிடி பூத், ஜெராக்ஸ் என்று 20 வருடம் கடை வைத்து ஃபேக்ஸ் அனுப்பிக் கொடுத்திருக்கிறேன். மெஷினும் லேண்ட்லைனும் போய்விட்டன, ஆனாலும் ஃபேக்ஸ் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள், போனிலேயே அனுப்பிக் கொடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன், வந்தவை இவை.

குன்னூரிலிருந்து: அண்ணா, ஃபேக்ஸ் நம்பருக்கு போன் போட்டால் கீச்சென்று சத்தம் வருகிறது. அப்போது ஏதாவது அழுத்தினால் பக்கம் போய்விடுமா?

போகாது தம்பி. அந்தச் சத்தம் ஃபேக்ஸ் மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. செல்போன் மனிதக் குரலுக்கு ஏற்ற மாதிரி ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் அது வழியிலேயே சிதைந்துவிடும். போனில் போட்டுக்கொள்ளும் ஃபேக்ஸ் ஆப் செய்வது வேறு: நீங்கள் கொடுக்கும் பிடிஎஃப்பை இன்டர்நெட் வழியாகத் தன் சர்வருக்கு ஏற்றிக்கொள்ளும், அந்த சர்வர்தான் டெலிபோன் லைனில் எதிர்முனையைக் கூப்பிட்டு அனுப்பும். அதனால் எஸ்டேட்டுக்குள் டவர் விட்டு விட்டுக் கிடைத்தாலும் கவலை வேண்டாம், ஃபைல் ஏறி முடிந்தால் போதும்.

ஊட்டியிலிருந்து: 0423 போட்டு இங்கேயே ஓர் ஆபீஸுக்கு அனுப்பினேன், ஃபெயில் என்கிறது.

முன்னால் இருக்கும் சைபரை எடுத்துவிட்டு +91 423 என்று தொடங்குங்கள் சார். கொடைக்கானல் 04542 என்றால் +91 4542. அமெரிக்காவுக்கு +1, அப்புறம் 10 இலக்கம்.

கூடலூரிலிருந்து: போட்டோ எடுத்துத்தான் அனுப்பினேன், அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்ததாம். போனில் பளிச்சென்று தெரிகிறதே?

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண ஃபேக்ஸுக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டும்தான் தெரியும், நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. ஒரு வரிக்கு 1728 புள்ளி, ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்பது மட்டும்தான் போகும். உங்கள் கை நிழல் தாளில் விழுந்திருந்தால் அது அப்படியே கறுப்புத் திட்டாகிவிடும்.

எங்கள் ஊர் அக்கா ஒருவர் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார். அந்த ரிப்போர்ட்டைக் கோயம்புத்தூர் டாக்டர் கேட்க, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னார்கள். வெளிர்நீல ஜெல் பேனா, கையெழுத்துப் போடும் கட்டமோ சாம்பல் நிறம். அனுப்பினேன், கையெழுத்தே இல்லை என்று மகளுக்கு போன் வந்தது. கட்டம் முழுக்கப் புள்ளியாகி எழுத்தை விழுங்கிவிட்டது. படிவத்தை மறுபடி பிரின்ட் எடுத்து, கட்டத்தின் சாம்பல் தெரியாத அளவுக்கு வெளிறவைத்து, கறுப்பு பால்பாயின்ட்டில் போட வைத்து அனுப்பிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். பாவம், அந்த அக்காவுக்கு நாலு நாள் வீணானது.

அதனால் கேமராவில் வெறும் போட்டோவாக எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் ஸ்கேன் இருக்கிறது, ஐபோனில் நோட்ஸிலேயே இருக்கிறது. ஃபில்டரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம், பகலில் ஜன்னலோரம் வையுங்கள். மூடுபனி இறங்கிய நாளில் நம் மலையில் வரும் வெளிச்சம் இதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும், நிழலே விழாது. ஆனி, ஆடி மழையில் தாள் ஈரத்தில் சுருண்டு நிற்கும், ராத்திரியே கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் ஆப்பில் ‘ஃபைன்’ தேர்ந்தெடுங்கள், அங்குலத்துக்கு 98 வரி போவது 196 ஆகும். ஊதா ரப்பர் ஸ்டாம்ப் மங்கலாக இருந்தால் மறுபடி அழுத்தி வாங்கிவிடுவது நல்லது.

கோத்தகிரியிலிருந்து: இலவசமாக அனுப்ப வழி உண்டா? கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் ஆப்பில் முடியுமா?

கேம்ஸ்கேனரை 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், அதை விடுங்கள். அமெரிக்கா, கனடாவுக்கு இரண்டொரு பக்கம் என்றால் ஃபேக்ஸ்ஜீரோ தளத்தில் பிரவுசரிலேயே இலவசமாக அனுப்பலாம், ஃபேக்ஸில் முதல் தாளாகப் போகும் முகப்புப் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் இருக்கும். மற்ற நாடுகளுக்குக் காசுதான். ‘இலவச சோதனை’ என்று கார்டு நம்பர் கேட்கும் ஆப்களில் வேலை முடிந்த அன்றே சந்தாவை ரத்து செய்யுங்கள், ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.

கொடைக்கானலிலிருந்து: ‘சென்ட்’ என்று காட்டினால் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமா சார்?

எல்லா ஆப்பிலும் அப்படி இல்லைம்மா. சிலவற்றில் சர்வருக்கு ஏறினாலே அப்படிக் காட்டும். எத்தனை பக்கம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று வரும் ரசீதுதான் கணக்கு, அதைச் சேமித்து வையுங்கள். ‘பிஸி’ என்று வந்தால் அரை மணி கழித்து மறுபடி அனுப்புங்கள். முக்கியமான தாள் என்றால் அவர்களுக்கே போன் போட்டு, கையெழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

குன்னூரிலிருந்து: ஆதார் அனுப்பச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான் அக்கா. வேறொருவர் சர்வர் வழியாகப் போகிறது, எதிர்முனையில் தட்டில் விழும் தாளை யார் எடுப்பார்களோ தெரியாது. ஆதார் தளத்தில் மாஸ்க்டு ஆதார் கிடைக்கும், முதல் 8 எண் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அது போதுமா என்று முதலில் கேளுங்கள். அனுப்பி முடித்ததும் ஆப்பில் இருக்கும் ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து: பதில் ஃபேக்ஸாக வந்தால் போனில் வாங்க முடியுமா?

அதற்கு ஆப் நிறுவனத்திடம் மாத வாடகைக்கு ஒரு ஃபேக்ஸ் நம்பர் எடுக்க வேண்டும். ஒரே ஒரு பதிலுக்காக அதை எடுக்காதீர்கள், முகப்புப் பக்கத்தில் உங்கள் ஈமெயில் முகவரியைப் பெரிதாக எழுதி, பதிலை இதற்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள்.