முகத்தை விடுங்கள், ரசீதைக் கேளுங்கள்: பொய், மெய், மறைப்பு பற்றிக் கேள்வி பதில்

மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் நான். பிறர் பேச்சில் இருக்கும் பொய்யையும் மறைப்பையும் கண்டுபிடிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி கண், மூக்கு, கை கால் பற்றியவை. அவை எல்லாவற்றுக்கும் முதல் பதிலே பதில்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: பொய் சொல்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார் என்கிறார்களே, நிஜமா?

இல்லை. உலகம் முழுக்க இருக்கிற நம்பிக்கை இது. 58 நாடுகளில் பொய்யரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. அதிகம் பேர் சொன்ன பதில் இதுதான். பொய்யருக்கும் இது தெரியும், அதனால் அவர் கண்ணை எடுக்காமல் பேசக் கற்றுக்கொள்கிறார். அதே வருடம் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்கள் பொய்யையும் மெய்யையும் பிரித்துச் சொன்ன முடிவுகள் அவை. சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வந்துவிடும்.

கூண்டில் நான் அடிக்கடி பார்ப்பது இது. கிராமத்துப் பெரியவர் ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீதிபதியை நிமிர்ந்தே பார்க்காமல் தரையைப் பார்த்துப் பதில் சொல்வார். அது மரியாதை. அவருக்கு அடுத்து ஏறுகிறவர் சாட்சி சொல்லியே பழகியவர். கேள்வி முடிவதற்குள் நீதிபதியை நேருக்கு நேர் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். முகத்தை வைத்து முடிவு செய்தால் பெரியவர்தான் மாட்டுவார்.

தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி: கோயம்பேட்டுக்கு அனுப்பும் லோடில் எடை குறைகிறது. டிரைவர் வழியில் இறக்குகிறார் என்று சந்தேகம். கேட்டால், 'உளுந்தூர்பேட்டை பக்கம் டயர் பஞ்சர், மூன்று மணி நேரம் நின்றேன்' என்கிறார். எப்படி விசாரிப்பது?

கையில் இருப்பதை முதலில் காட்டாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

ஃபாஸ்டேக்கில் பணம் கழியும்போது உங்கள் போனுக்கு மெசேஜ் வந்திருக்கும். எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டினார் என்பது அதில் இருக்கும். 'விக்கிரவாண்டியை நாலு மணிக்கே தாண்டியிருக்கே, எதுக்குப் பொய் சொல்றே?' என்று ஆரம்பித்தால், அந்த நாலு மணிக்குப் பொருந்துகிற மாதிரி கதையைத் தைத்துவிடுவார். உங்கள் ஆதாரம் அவருக்கு உதவியாகப் போய்விடும்.

டீ சொல்லிவிட்டுச் சாதாரணமாகப் பேச விடுங்கள். வண்டி எங்கே நின்றது, ஸ்டெப்னி மாற்றினாரா, பஞ்சர் கடைக்கு எதில் போனார், எவ்வளவு கொடுத்தார், ரொக்கமா ஜிபேயா, அந்த நேரத்தில் கிளீனர் என்ன செய்துகொண்டிருந்தார். ஒரு தாளைக் கொடுத்து, லாரி நின்ற இடம், கடை இருந்த பக்கம் எல்லாவற்றையும் வரையச் சொல்லுங்கள். கிளீனரைத் தனியாக உட்கார வைத்து இன்னொரு தாள் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருந்தாலும் கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பேசி வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு போனை எடுங்கள்.

இது வெறும் வக்கீல் தந்திரம் இல்லை. ஸ்வீடனில் பயிற்சியில் இருந்த போலீஸ்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஆதாரத்தைக் கடைசியில் எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல விசாரிக்க விட்டார்கள். 2006-ல் வந்த முடிவுப்படி, கற்றவர்கள் 85 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள், மற்றவர்கள் 56.

இன்னொன்று. விவரம் நிறையச் சொன்னால் உண்மை என்று நினைக்காதீர்கள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் ஆல்டர்ட் விரெய் போன்றவர்கள் கவனித்தது, பொய் சொல்கிறவரும் விவரம் சொல்வார், ஆனால் சரிபார்க்க முடியாத விவரமாகப் பார்த்துச் சொல்வார். வெயில், வயிற்றுவலி, ரோட்டில் ஆளே இல்லை என்று. நிஜமாகப் பஞ்சர் ஆனவர் கடைக்காரர் நம்பரை எடுத்து நீட்டுவார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உரித்த தேங்காய் இருக்க இருக்க எடை குறையும். ஒரு மூட்டையைக் குடோனில் இரண்டு நாள் வைத்து மறுபடி எடை போடுங்கள். இங்கே இருக்கும் எடைமேடையும் அங்கே இருக்கும் எடைமேடையும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் டிரைவரைக் கூப்பிடுங்கள்.

மனிதவளத் துறை ஊழியர், சென்னை: மேலே ஒரு பக்கம் பார்த்தால் நினைவு, மறுபக்கம் பார்த்தால் கற்பனை என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

2012-ல் பிரிட்டனில் சோதித்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நகைக்கடை மேலாளர், கோவை: ஒரு செயின் காணவில்லை. ஊழியர்கள் எல்லோருக்கும் உண்மை கண்டறியும் சோதனை வைக்கலாமா?

கட்டாயப்படுத்த முடியாது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்மதம் இல்லாமல் நார்கோ (மருந்து கொடுத்துப் பேச வைப்பது), பாலிகிராப் (உடல் மாற்றங்களை அளக்கும் கருவி), மூளை வரைபடச் சோதனை எதையும் யார் மீதும் திணிக்கக்கூடாது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் நகைக்கடைக்கு எங்கிருந்து வரும்?

பாலிகிராப் பொய்யை அளப்பதும் இல்லை. மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றை அளக்கிறது. சிஐஏவில் இருந்துகொண்டே 1985 முதல் சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் பாலிகிராப்பில் தேறியவர். பிடிபட்டது 1994-ல். சம்பளத்துக்கு மீறிய வீடும் காரும் அவரைக் காட்டிக்கொடுத்ததில் பெரும் பங்கு வகித்தன. இருப்புப் பதிவேட்டையும் கேமராப் பதிவையும் பாருங்கள்.

ஏமாந்த நண்பன், விருதுநகர்: இரண்டு லட்சம் கடன் வாங்கியவன் 'அடுத்த மாதம்' என்றே சொல்கிறான். பொய் சொல்கிறானா? புரோநோட்டு எழுதி இரண்டரை வருடம் ஆகிறது.

அவன் மனதில் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சியை விடுங்கள். மூன்று வருடம் தாண்டினால் வழக்குப் போடும் காலவரம்பு போய்விடும். இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

வீடு வாங்கியவர், தாம்பரம்: 'தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?' என்று கேட்டேன். 'எங்க வீட்டில் எப்பவும் தண்ணி இருக்கும் சார்' என்றார் உரிமையாளர். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, கோடையில் வாரம் இரண்டு லாரி. அவர் சொன்னது பொய்யா?

இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. லாரித் தண்ணீரும் தண்ணீர்தானே. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, பக்கத்துக் கேள்விக்குச் சொன்னார்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கே இருக்கிறது. சாமுவேல் பிரான்ஸ்டன் என்ற படத் தயாரிப்பாளரின் நிறுவனம் திவால் ஆனது. விசாரணையில் அவரிடம் இப்போது ஸ்விஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா என்றார்கள். நிறுவனத்துக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது என்றார். கேட்ட வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உண்மையில் பிரான்ஸ்டனின் சொந்தப் பெயரிலேயே ஜெனிவாவில் சில வருடம் கணக்கு இருந்தது. பொய்ச் சாட்சி என்று தண்டித்தார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, பதில் நழுவுகிறது என்றால் மடக்கிக் கேட்டிருக்க வேண்டியது கேட்டவரின் வேலை என்றார்கள்.

ஆகவே, பதில் வந்ததும் மனதுக்குள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். 'நேற்று இரவு அங்கே போனாயா?' என்றதற்கு 'நான் அந்தப் பக்கமே போறதில்லை' என்றால், நேற்று பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 'எப்போதும்', 'வழக்கமா', 'நம்ம குடும்பத்துல' என்று பதில் ஆரம்பித்தால் அங்கேயே நின்று அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேளுங்கள். உங்கள் விஷயத்தில், 'போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள்?' என்று கேட்டிருக்க வேண்டும். அதைவிடச் சுலபம், எதிர்வீட்டில் கேட்பது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், திருச்சி: வக்கீல் சார், ஏட்டுப் படிப்பை வைத்துப் பேசுகிறீர்கள். முப்பது வருஷ சர்வீஸ். ஸ்டேஷன் வாசலில் ஆள் நுழைவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

சொல்லியிருப்பீர்கள் ஐயா. ஆனால் தப்பாகச் சொன்ன தடவைகளை யார் வந்து உங்களிடம் சொன்னார்கள்? விட்டுவிட்ட ஆள் திரும்பி வந்து, 'நான்தான் செய்தேன், ஏமாந்துவிட்டீர்கள்' என்று சொல்லப்போவதில்லை. 2005-ல் அமெரிக்காவில் சிறைக்கைதிகளின் நிஜ வாக்குமூலங்களையும் இட்டுக்கட்டிய வாக்குமூலங்களையும் கல்லூரி மாணவர்களுக்கும் போலீஸ் விசாரணை அதிகாரிகளுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதிகம் சரியாகச் சொன்னது மாணவர்கள். அதிக நம்பிக்கையோடு சொன்னது போலீஸ்.

அதே ஆய்வாளர்: அமெரிக்கக் கதை வேண்டாம். நாங்கள் பிடித்த ஆட்கள் காட்டிய இடத்தில் தோண்டினால் பொருள் கிடைத்ததே, அது எப்படி?

பொருள் கிடைத்ததால்தான் நீதிமன்றம் நம்பியது, உங்கள் பார்வையால் அல்ல. பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு, புதிய சட்டத்தில் 23-க்குள் போய்விட்டது, சொல்வதும் அதுதான். காவலில் சொன்னதில் எது பொருளைக் காட்டிக்கொடுத்ததோ அந்தத் துண்டு மட்டும் செல்லும். மற்றது செல்லாது.

சட்ட மாணவர், மதுரை: நடுவில் நுழைகிறேன். சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-வது பிரிவில் இருந்ததே? முகத்துக்கு மதிப்பில்லை என்றால் அது எதற்கு?

ஆய்வாளர்: அப்படிக் கேளுங்க தம்பி!

நல்ல அடி. எழுதச் சொல்கிறது, உண்மைதான். சாட்சி அழுதார், பத்து நிமிடம் பதில் சொல்லவில்லை என்று பதிவானால், அச்சில் மட்டும் படிக்கும் மேல்முறையீட்டு நீதிபதிக்கு உதவும். ஆனால் அழுகை ஏன் வந்தது என்று அந்தக் குறிப்பு சொல்லாது. சொல்லிவிட்டதாக நினைத்துத் தீர்ப்பு எழுதினால் ஆபத்து அங்கே இருக்கிறது. இந்தச் சண்டையை இதோடு நிறுத்திக்கொள்வோம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

ஆய்வாளர்: நிறுத்துங்கள். ஆனால் எனக்குத் தெரியும்.

சரி ஐயா.

இல்லத்தரசி, சேலம்: கணவர் போனைக் கவிழ்த்தே வைக்கிறார்...

இது என் துறை இல்லை. குடும்ப ஆலோசகரிடம் போங்கள்.

ஐடி ஊழியர், ஓசூர்: மூக்கைச் சொறிந்தால்?

மூக்கு அரிக்கிறது.

ஓய்வூதியர், நாகர்கோவில்: மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, டிஜிட்டல் கைது என்கிறார்கள். குரல் உறுதியாகத்தான் இருக்கிறது, நிஜமாக இருக்குமோ?

குரலை ஆராயாதீர்கள், போனை வையுங்கள். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே கிடையாது. பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஆசிரியை, தஞ்சாவூர்: கை நடுங்கினால்...

முதல் பதில்.

சாட்சி, தென்காசி: ஒரு விபத்து வழக்கில் வரும் வாரம் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் எனக்குப் பதறும். பொய் என்று நினைத்துவிடுவார்களோ?

பதறட்டும், அதற்காக யாரும் உங்கள் சாட்சியைத் தள்ள மாட்டார்கள். தள்ளுவதற்கு நீங்களே வழி செய்து கொடுப்பது வேறு இடத்தில். வண்டி எத்தனை அடி தூரத்தில் வந்தது, என்ன வேகம் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கௌரவத்துக்காக ஒரு எண்ணைச் சொன்னால், அடுத்த அரை மணி நேரம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி வரும். கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. காலையிலேயே போய் அரசு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள், சம்மனைக் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்ததும் சாட்சிப் படி கேளுங்கள், பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.