அப்பா வித்த மீன்பிடி வோட் (படகு) இப்ப எங்க எண்டு அதின்ர பேரை வச்சு தேடுறத விடுங்க

வோட்டுட பேரை வச்சு திருகோணமலை சீனன்குடா பக்கம் கேட்டா கிடைக்காது, பதிவு நம்பர வச்சுத்தான் தேடணும். வாங்கின ஆள் முதல் வேலையா பெயின்ட் அடிச்சு தன்ர பேரையோ பிள்ளைட பேரையோ எழுதிருவார், அதான் ஒருத்தருக்கும் தெரியேல்ல.

பழைய லைசன்ஸ் துண்டு, லோன் பேப்பர் ஏதாவது வீட்டில கிடக்கா பாருங்க. பதிவு நம்பர் ஐஎம்யூஎல் (IMUL) எண்டு தொடங்கினா பலநாள் கடல்ல தங்கி பிடிக்கிற வோட், ஓஎஃப்ஆர்பி (OFRP) எண்டா வெளியில இஞ்சின் பூட்டுற அவுட்போர்ட் ஃபைபர் வோட். கடைசியில வாற எழுத்துகள் மாவட்டத்த காட்டும். அத கொண்டு கடற்றொழில் திணைக்கள மாவட்ட ஒஃபிஸில கேளுங்க, வேற மாவட்டத்துக்கு வித்திருந்தா நம்பரே மாறியிருக்கலாம், அப்ப பழைய நம்பர்ல இருந்து எங்க மாத்தினதெண்டு கேக்கணும்.

இஞ்சின் நம்பர நம்பாதீங்க, அத கழட்டி வேற வோட்டில போடுறது இங்க சாதாரணம். 2004 சுனாமிக்கு முந்தின வோட் எண்டா பேப்பரும் கடலோட போயிருக்கலாம், பழைய சம்மாட்டிமார்ட்ட (வோட், வலை வச்சு தொழில் செய்யிற முதலாளிமார்) வாய்விட்டு கேக்கிறதுதான் வழி.