குளவியும் குழவியும்

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டு ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. கலைக்கப் போனேன். பாட்டி தடுத்துவிட்டார். "அது புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன் குழந்தையாக்கிக்கொள்ளும். அதனால்தான் குழவி என்று பேர் வந்தது" என்கிறார். குழவிதான் குளவி ஆனதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி சொன்னதில் பாதி கண்ணால் கண்ட உண்மை. பெயர்க்காரணம் மட்டும் பொருந்தவில்லை.

குழ என்றால் இளமை. குழவி, குழந்தை இரண்டும் அதன் வழி வந்தவை. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துச் சொல்கிறது. 'குஞ்சரம் பெறுமே குழவிப் பெயர்க்கொடை' என்று யானைக்கன்றுக்குக் குழவி என்ற பெயரைத் தருகிறது. பசுவுக்கும் எருமைக்கும்கூட அது உண்டு. பூச்சிக்கு இல்லை.

பேச்சில் பலருக்கு ழகரம் ளகரமாகிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். அம்மிக் குழவியையே குளவி என்கிறோம். ஆனால் ழ, ள வேறுபாட்டைப் பேச்சிலும் விடாத மலையாளத்தில், அரைக்கும் கல் குழவி, கொட்டும் பூச்சி குளவி. குழவிதான் பூச்சிக்குப் பெயரானது என்றால் அங்கே ழகரம் நின்றிருக்க வேண்டும்.

சங்கப் பாட்டில் குளவி ஒரு பூ. காட்டுமல்லிகை. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் அது இருக்கிறது. குறுந்தொகை 59ஆம் பாடலில் 'குவளையொடு பொதிந்த குளவி நாறு நறுநுதல்' என்று வருகிறது. பூச்சியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், காதலியின் நெற்றியில் குளவி மணப்பது விளங்கவே விளங்காது.

இனி அந்தப் புழுவுக்கு வருகிறேன். காய்ந்து விழுந்த ஒரு மண்கூட்டை ஒருமுறை உடைத்துப் பார்த்தேன். சிறு அறைகள். ஓர் அறையில் நான்கைந்து பச்சைப் புழுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. செத்தவை என்றே நினைத்தேன். ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒன்று மெல்ல நெளிந்தது. பெண்குளவி கொட்டுவது கொல்வதற்கு அல்ல, முடக்குவதற்கு. உயிர் இருந்தால்தான் இரை அழுகாது. அதனோடு ஒரு முட்டையையும் இட்டு மண்ணால் அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு, முடங்கிக் கிடக்கும் அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வந்தது குளவி. நடுவில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்ற பேச்சும், புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகும் என்ற வேதாந்திகளின் பிரமர கீட நியாயமும் இப்படிப் பார்த்ததிலிருந்து எழுந்தவைதான். அந்தப் பார்வையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டின் வாசலில் அவர்கள் பார்த்தது சரிதானே.

காரணம் துலங்கும் பெயர் வேண்டுமென்றால், இந்த மண்குளவிக்குத் தமிழில் வேட்டுவன் என்று ஒரு பெயர் உண்டு. மலையாளத்தில் வேட்டாவளியன். அதன் தொழிலே வேட்டைதான், ஒரு சொல்லில் அத்தனையும் அடங்கிவிட்டது. கூட்டமாக வாழும் பெருங்குளவி வேறு. அதைக் கதண்டு, கடந்தை என்பார்கள். அதனிடம் நெருங்காதீர்கள்.

உங்கள் ஜன்னல் கூட்டில் வட்டத் துளை இருந்தால் உள்ளே வளர்ந்தது வெளியேறிவிட்டது, பெயர்த்தெடுக்கலாம். துளை இல்லையென்றால் பாட்டி சொல்வதைக் கேளுங்கள்.