தீவின் மண்ணும் சிறுநீரக மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் மருத்துவர் மருந்தை மாற்றி, சிரோலிமஸ் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்தது என்று உறவினர் ஒருவர் சொன்னார். மண்ணிலிருந்து மருந்து எப்படி வரும்? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் உறவினர் சொன்னது உண்மைதான். சிரோலிமஸ் என்பது பின்னாளில் வந்த பொதுப்பெயர். கண்டறிந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ராபமைசின். ஈஸ்டர் தீவை அதன் மக்கள் ராபா நூயி என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரின் முன்பாதியே மருந்தின் பெயரிலும் இருக்கிறது.

முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வாசனைக்குப் பெரிதும் காரணமானவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். மண்ணுக்குள் இடத்துக்கும் உணவுக்கும் நடக்கும் போட்டியில் இவை பலவகை வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன; காசநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த ஸ்ட்ரெப்டோமைசினும் அப்படிக் கிடைத்ததுதான். ராபமைசினைச் சுரப்பது அதே இனத்தின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்னும் வகை.

அந்த மண் எடுக்கப்பட்ட கதை மருந்து தேடிப் போனவர்களின் கதையன்று. 1964ஆம் ஆண்டின் இறுதியில், மெக்கில் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஸ்கோரினா தலைமையில் ஒரு குழு, கனடா நாட்டுக் கடற்படைக் கப்பலில் அத்தீவுக்குச் சென்றது. சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் தனித்திருக்கும் அத்தீவில் விமான நிலையம் வரவிருந்ததால், வெளியுலகத் தொடர்பு பெருகுவதற்கு முன் அங்கு வாழ்ந்த சுமார் 1,000 பேரின் உடல்நிலையையும் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். குழுவில் இருந்த நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடி வேறொன்றைக் கவனித்தார். இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி குதிரைச் சாணம் கலந்த மண்ணில் இருந்து, காயத்தின் வழியே உடலில் நுழையும். ஆனால் குதிரைகள் நிறைந்த அத்தீவில் மக்கள் வெறுங்காலோடு நடந்தும் அந்நோய் காணப்படவில்லை. காரணம் அறிய, தீவை 67 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் மண் எடுத்தார். அவற்றுள் ஒன்றில் மட்டுமே இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருந்தன. அவருடைய கேள்வி அத்துடன் முடிந்தது. மண்ணை அவர் எறியவில்லை. அது கனடாவின் மான்ட்ரியாலில் இருந்த அயர்ஸ்ட் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

அங்கே சுரேன் சேகல் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்து 1975இல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். இன்றைய பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில் பிறந்தவர் சேகல். அவர்கள் எதிர்பார்த்தது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. பூஞ்சையை அது நன்றாகவே அடக்கியது. ஆனால் உடலின் நோய் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்கியதால் அந்தப் பயனுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆய்வுக்கூடம் மூடப்பட்டு, ஊழியர்களில் சிலர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு மாற்றப்பட்டபோது, சேகல் கடைசியாக ஒரு தொகுதி மருந்தைத் தயாரித்து, தம் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்துக் காத்தார். நிர்வாகம் மாறிய பிறகு, 1980களின் பிற்பகுதியில்தான் ஆய்வைத் தொடர அனுமதி கிடைத்தது.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. நார்வே நாட்டு மண்ணின் பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் உறுப்பு மாற்று சிகிச்சையையே மாற்றிவிட்டது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. உங்கள் தம்பி முன்பு உட்கொண்டது பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாக இருக்கும். எந்தக் குணத்துக்காக ராபமைசின் தள்ளப்பட்டதோ அதே குணத்துக்காக அது இப்போது வேண்டப்பட்டது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பதைத் தடுக்கும் மருந்தாக 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சேகல் அதைப் பார்த்துவிட்டு 2003இல் புற்றுநோயால் காலமானார்.

அது வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹைட்மன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் ஆகியோர் ஈஸ்ட் செல்களில் இம்மருந்தின் இலக்கான புரதத்தைக் கண்டறிந்து, அதற்கு டார் (‘ராபமைசினின் இலக்கு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் பாலூட்டிகளிலும் அதே புரதம் கண்டறியப்பட்டது. உணவும் ஆற்றலும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்த்து, ‘வளரலாம்’ என்று செல்லுக்கு உத்தரவிடும் புரதம் அது. அந்த உத்தரவு தடைப்படும்போது, மாற்றுச் சிறுநீரகத்தை அந்நியமாகக் கருதித் தாக்கவரும் வெள்ளணுக்கள் பெருக முடிவதில்லை. அதே காரணத்தால் தொற்றுகள் எளிதில் வரலாம், காயம் ஆறத் தாமதமாகலாம், இரத்தக் கொழுப்பு உயரலாம். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் இரத்தத்தில் சிரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைக் குறைத்துவிடும். ஆகவே வேறு எந்த மருந்தை யார் எழுதித் தந்தாலும், தம்பி சிறுநீரக மருத்துவரிடம் காட்டிய பிறகே உட்கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: இதே மருந்து முதுமையைத் தள்ளிப்போடும் என்கிறார்களே, நலமாக இருப்பவர் வாங்கி உட்கொள்ளலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகாசி)

பதில்: வேண்டாம், ஐயா. 2009இல் வெளியான ஆய்வில், மனித வயதில் முதுமைக்கு ஒப்பான 600 நாள் வயதுடைய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது, அவற்றின் உச்ச ஆயுள் பெண் எலிகளில் 14 விழுக்காடும் ஆண் எலிகளில் 9 விழுக்காடும் கூடியது. பல்வேறு ஆய்வுக்கூடங்களில் ஒரே சமயத்தில் நடத்தப்பட்டதால் அதை மதிக்க வேண்டும். எனினும் அவை கிருமிகளிலிருந்து பாதுகாக்கப்பட்ட கூண்டுகளில் வாழ்ந்த எலிகள். மனிதரின் ஆயுளை இது நீட்டும் என்பதற்குச் சான்று இல்லை.

கேள்வி: ஈஸ்டர் தீவு மக்கள் தங்கள் பெரிய கற்சிலைகளை நகர்த்துவதற்காக மரங்களையெல்லாம் வெட்டி, பட்டினியில் தம்மைத் தாமே அழித்துக்கொண்டார்கள் என்று படித்தேன். சரியா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: பாதி சரி, மறுபாதி அம்மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

காடு அழிந்ததைப் புவியியல் சான்றுகள் உறுதி செய்கின்றன. எரிமலைகளால் உருவான அத்தீவின் எரிமலை வாய்களில் ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் ஆண்டுதோறும் படியும் சேற்றில் அக்காலத்துச் செடிகொடிகளின் மகரந்தமும் படிந்துவிடும். ஜான் ஃபிளென்லி என்ற அறிஞர் ரானோ ரராக்கு, ரானோ காவ் ஆகிய இடங்களில் குழாய் இறக்கி அச்சேற்றை எடுத்து, கீழடுக்குகளில் பனையினத்து மகரந்தம் நிறைந்திருப்பதையும் மேலடுக்குகளில் அது மறைந்து புல் மகரந்தம் பெருகுவதையும் காட்டினார். மனிதர் வெட்டியதும் எரித்ததும் காரணம். அவர்களோடு படகில் வந்த எலிகள் பனங்கொட்டைகளைத் தின்று தீர்த்ததும் காரணம்.

ஆனால் காடு போனதால் மக்கள்தொகை சரிந்தது என்ற அடுத்த படிக்கு ஏரிச் சேற்றில் சான்று இல்லை. 2024இல் வெளிவந்த ஆய்வு, 1670க்கும் 1950க்கும் இடையில் வாழ்ந்த 15 ராபா நூயி மக்களின் மரபணுத் தொகையைப் படித்தது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருமளவு சரிந்திருந்தால் அதன் தழும்பு மரபணுக்களில் இருந்தாக வேண்டும்; அது இல்லை. சிறு குழுவாகக் குடியேறியவர்கள் 1860கள் வரை தொடர்ந்து பெருகி வந்ததையே அவை காட்டின. ஐரோப்பியர் 1722இல் வந்து சேர்வதற்கு வெகு முன்பே அம்மக்கள் அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினரோடு கலந்திருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

உண்மையான பேரழிவு எப்போது வந்தது என்பதை ஏடுகளே சொல்கின்றன. 1862இல் பெரு நாட்டிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் ஏறத்தாழ 1,500 பேரைக் கொண்டுபோயின. திரும்பி வந்த ஒரு சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். இதைச் செய்தவர்களை விட்டுவிட்டு, இறந்தவர்களை மடையர்களாக்கும் கதையையே உலகம் நெடுங்காலம் சொல்லி வந்தது என்பதை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது.

கேள்வி: அந்த மருந்தால் அத்தீவு மக்களுக்கு ஏதும் கிடைத்ததா? (சென்னை வாசகர்)

பதில்: மண் எடுக்கப்பட்ட செய்தியைச் சொல்லும் ஒரு பலகை அங்கே இருக்கிறது, பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் போர்த்துகீசிய மொழியில் எழுதி வைத்தது. மருந்தின் வருவாயில் அவர்களுக்குப் பங்கு இல்லை. மண் எடுக்கப்பட்ட அதே வாரங்களில், சிலி நாட்டின் ஆட்சியில் இருந்தும் அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய முழு உரிமைகளும் கிடைக்காதிருந்த அம்மக்கள், அல்ஃபோன்சோ ராப்பு என்ற இளம் ஆசிரியரின் தலைமையில் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் உயிர்வளத்திலிருந்து வரும் பயனில் அந்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதைப் பல்லுயிர் உடன்படிக்கை 1992இல்தான் உலக விதியாக்கியது. நம் நாட்டில் அதற்கான சட்டம் 2002இல் வந்தது; அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் உங்கள் சென்னையில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன மரபணு ஆய்வு வேறு விதமாக நடந்தது. ஆய்வுக்குப் பயன்பட்ட எலும்புகள் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருப்பவை. ஆய்வாளர்கள் தீவுக்குச் சென்று அம்மக்களைச் சந்தித்து, எவற்றை அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த எலும்புகள் தம் முன்னோருடையவைதாமா என்பதை உறுதி செய்வதும், அவற்றைத் தீவுக்குத் திரும்பக் கொண்டுவருவதுமே அம்மக்களுக்கு முதன்மையாக இருந்தன. அவர்களுடைய முன்னோருடையவைதாம் என்று ஆய்வு உறுதி செய்தது.