முதுகில் கரண்ட் மெஷின் வைக்கலாமா?

கேள்வி: வயது 54. காசிமேட்டில் மீன் கூடை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். டிஸ்க் விலகி முதுகில் 2 ஆபரேஷன் ஆகிவிட்டது. நடக்கிறேன், ஆனால் இடது கால் தீ வைத்ததுபோல எரிகிறது, ராத்திரி தூக்கமே இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். இப்போது ஒரு டாக்டர் முதுகில் கரண்ட் மெஷின் வைக்கலாம் என்கிறார். மூன்றாவது ஆபரேஷனா? பயமாக இருக்கிறது.

பதில்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. நசுங்கிய நரம்பை விடுவித்த பிறகும் சிலருக்கு அந்த நரம்பு பழுதாகி, தானாகவே வலியை அனுப்பிக்கொண்டிருக்கும். நானும் நியூரோசர்ஜன்தான். ஆரம்ப வருடங்களில் இப்படித் திரும்பி வந்தவர்களிடம் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சரியாக இருந்தது படம்தான். அந்த உறுத்தலில்தான், மெல்லிய கரண்ட் கொடுத்து நரம்பு வலியைக் குறைக்கும் நியூரோமாடுலேஷன் பக்கம் வந்தேன். உங்கள் டாக்டர் சொல்லும் கரண்ட் மெஷினும் அதுதான்.

இது நேற்று வந்த வித்தையில்லை. முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கேட் இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் சொன்னார்கள். 1967-ல் அமெரிக்க நியூரோசர்ஜன் நார்மன் ஷீலி முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்தக் கருவியை வைத்தார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நிற்கிறோமே, வலியின் கேட்டும் அதேதான். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் தொடு உணர்ச்சி முந்திப் போகும், வலி கேட்டில் நிற்கும். மெஷின் செய்வதும் ஏறக்குறைய அந்தத் தேய்ப்புதான்.

எடுத்த எடுப்பில் யாரும் நிரந்தரமாக வைப்பதில்லை. முதலில் டிரையல். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பியை முதுகெலும்புக்குள், தண்டுவடத்தின் உறைக்கு வெளியே நிறுத்துவோம். பேட்டரி வெளியே, இடுப்பில் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு வாரம் வீட்டில் நடந்து, படுத்துப் பாருங்கள். குளிக்க மட்டும் கூடாது. வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். இல்லையென்றால் கம்பியை உருவிவிடலாம். என்னிடம் வந்த திருவொற்றியூர் பெரியவர் ஒருவருக்கு லுங்கி பட்டாலே கால் எரியும். டிரையலின் மூன்றாம் நாள் அவர் சொன்னது: "நேத்து போர்வை போத்திக்கிட்டு தூங்கினேன் டாக்டர்."

வலி அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவு சில லட்சம். கம்பி நகரலாம், புண் சீழ் வைக்கலாம். சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள். வைத்த பிறகு எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பு வலி மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் சரியாகப் பார்த்தாயிற்றா என்பதையும்தான். காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ டிரையல் பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்புறம், அடுத்த முறை டாக்டரிடம் வீட்டுக்காரம்மாவையும் அழைத்துப் போங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்காருகிறீர்கள் என்பதை உங்களைவிட அவர் சரியாகச் சொல்வார்.